6 புளியங்கொட்டை, 32 ஏடிபி: செல் சுவாசக் கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள்

மகளுக்குப் பிளஸ் ஒன் செல் சுவாசம் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன். செல் குளுக்கோஸை உடைத்து ஏடிபி (செல் செலவழிக்கும் சக்தி நாணயம்) எடுப்பதுதான் அது. ஒரு குளுக்கோஸுக்கு எத்தனை ஏடிபி என்று கூட்டினால் மூன்று நாளாக எனக்கு 19.5 தான் வந்தது, வர வேண்டியது 32. பிழை பிடிபட்டுவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

6 புளியங்கொட்டை எடுத்துக்கொள்ளுங்கள், இது ஒரு குளுக்கோஸ், ஒரு கொட்டை ஒரு கார்பன். வண்ண அம்புக்குறிப் படமெல்லாம் பார்க்கும்போது புரிந்த மாதிரி இருக்கும், மறுநாள் நிற்காது; கொட்டையைக் கையால் நகர்த்துவதுதான் எனக்குப் பிடித்த வழி. பக்கத்தில் ஒரு நோட்டும் பென்சிலும் போதும்.

முதலில் கிளைக்காலிசிஸ், அதாவது குளுக்கோஸை இரண்டாக உடைப்பது; சைட்டோபிளாசத்தில், செல்லுக்குள் இருக்கும் கூழில் நடப்பது. கொட்டைகளை மூன்று மூன்றாகப் பிரியுங்கள், இவை பைருவேட் என்ற இரண்டு மூன்று-கார்பன் மூலக்கூறுகள். ஏடிபி 2 செலவு, 4 வரவு, கையில் 2. என்ஏடிஎச் 2 (இதுவும் பின்னால் வரும் எஃப்ஏடிஎச்2-வும் எலக்ட்ரான் சுமக்கும் மூலக்கூறுகள், பிறகு ஏடிபியாக மாற்றிக் கணக்கிடுவோம்).

இனி மைட்டோகாண்ட்ரியா, செல்லுக்குள் இருக்கும் சக்தி ஆலை. நான் தடுக்கி விழுந்தது இங்கேதான். ஒரு குவியலை மட்டும் எடுங்கள். ஒரு கொட்டையை வெளியே வையுங்கள், அது கார்பன் டை ஆக்சைடு, என்ஏடிஎச் 1. மிச்சம் இரண்டு கொட்டை அசிட்டைல் கோஏ என்ற மூலக்கூறாகி கிரெப்ஸ் சுழற்சி என்ற வட்டமான வினைத்தொடருக்குள் போகிறது, அங்கே இரண்டு கார்பனும் கார்பன் டை ஆக்சைடாக வெளியேற என்ஏடிஎச் 3, எஃப்ஏடிஎச்2 1, ஏடிபி 1. சரி, முடிந்தது என்று நான் கூட்டிவிட்டேன். இன்னொரு குவியல் அப்படியே மேசையில் கிடக்கிறது! அதையும் இதே மாதிரி ஓட்டுங்கள்.

இப்போது மொத்தம்: என்ஏடிஎச் 10, எஃப்ஏடிஎச்2 2, நேரடி ஏடிபி 4. என்ஏடிஎச்சும் எஃப்ஏடிஎச்2-வும் தங்கள் எலக்ட்ரான்களைக் கொடுக்கும் எலக்ட்ரான் கடத்துச் சங்கிலியில் முன்னதற்கு 2.5 ஏடிபி, பின்னதற்கு 1.5 ஏடிபி வீதம் போட்டால் 25 + 3 + 4 = 32. பழைய புத்தகங்கள் 3, 2 என்று முழு எண்ணாகப் போட்டதால்தான் அவற்றில் மொத்தம் 38 வருகிறது.

பின்சேர்க்கை: 30 என்று படித்தோமே என்று சிலர் கேட்டிருந்தார்கள். அதுவும் சரிதான். கிளைக்காலிசிஸின் 2 என்ஏடிஎச் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நேராக நுழைய முடியாது, எலக்ட்ரான்களை மட்டும் கைமாற்றுகிறது. சில செல்களில் அது எஃப்ஏடிஎச்2 கணக்கில் சேர்வதால் 2 குறையும்.

ஆக்சிஜன் எந்தக் கொட்டையோடு சேர்கிறது என்றும் ஒருவர் கேட்டார். எதனோடும் இல்லை. நாம் இழுக்கும் ஆக்சிஜன் சங்கிலியின் கடைசியில் நின்று எலக்ட்ரான்களை வாங்கித் தண்ணீராகிறது. மைட்டோகாண்ட்ரியாவே இல்லாத நம் ரத்தச் சிவப்பணு அத்தனை ஆக்சிஜனைச் சுமந்தும் முதல் படியின் 2 ஏடிபியோடுதான் வாழ்கிறது.