பிப் மீளாய்வும் வீடு மாறுவதும் ஒன்றாக வந்தால்: முதல் தடவை செய்பவர்களுக்கு

மண்ணிற உறையில் வந்த கடிதத்தைக் கண்ட அன்று அண்ணா போனில் சொன்னது இவ்வளவுதான்: "ஒண்டும் இல்லை பிள்ளை, ஒரு ஃபோர்ம் வந்திருக்கு. நிரப்பி அனுப்பினால் சரி." பக்கவாதத்துக்குப் பிறகு இடது கையும் காலும் பாதிதான் வேலை செய்கிற மனிதர். கிழக்கு லண்டனில் மூன்றாம் மாடியில் தனியாக இருந்தார். அவருக்கு எல்லாமே "ஒண்டும் இல்லை"தான். அந்த மாதம்தான் அவரை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வருவது என்றும் முடிவு செய்திருந்தோம்.

பிப் என்று நாம் சொல்லும் பர்சனல் இன்டிபென்டன்ஸ் பேமென்ட் 2013இல் வந்தது. நீண்டகால நோயோ இயலாமையோ உள்ளவர்களுக்கு, சம்பளம், சேமிப்பு எதையும் பார்க்காமல் அரசு கொடுப்பது. அன்றாட வாழ்வு, நடமாட்டம் என்று இரண்டு பகுதிகள். எந்த வேலைக்கு எவ்வளவு உதவி தேவை என்று பார்த்துப் புள்ளி போடுவார்கள். ஒவ்வொன்றிலும் 8 புள்ளி எடுத்தால் சாதாரண வீதம், 12 எடுத்தால் கூடிய வீதம். 2025-26இல் அன்றாட வாழ்வுக்கு வாரம் 73.90 அல்லது 110.40 பவுண், நடமாட்டத்துக்கு 29.20 அல்லது 77.05 பவுண். கொடுத்துவிட்டு அப்படியே விடமாட்டார்கள். சில வருடங்களுக்கு ஒருமுறை திரும்பப் பார்ப்பார்கள். அதுதான் இந்த மீளாய்வு.

நான் எழுதுவது இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு. ஸ்காட்லாந்தில் பிப்புக்குப் பதிலாக வேறு கொடுப்பனவு இருக்கிறது.

படி 1: திகதியைப் பாருங்கள்

படிவத்தின் பெயர் ஏ.ஆர்.1. திருப்பி அனுப்ப ஒரு மாதம் தருவார்கள். கடைசி நாளைக் கலண்டரில் எழுதி, அதற்கு ஒரு வாரம் முன்னால் இன்னொரு வட்டம் போடுங்கள். முடியாது என்று தெரிந்தால் கடைசி நாள் வரை இருக்காமல் பிப் தொலைபேசிக்கு (0800 121 4433) எடுத்துக் கூடுதல் நாள் கேளுங்கள். படிவம் போகாவிட்டால் காசு நின்றுவிடும்.

படி 2: முகவரியை இன்றே மாற்றுங்கள்

இதில் நாங்கள் சறுக்கினோம். அண்ணா இரண்டு வாரம் எங்கள் வீட்டில் நின்றபோது அந்த உறை பழைய வீட்டுக் கதவடியில் கிடந்தது. ஒரு மாதத்தில் பாதி அப்படியே போய்விட்டது. பிப்புக்கு ஒரு போன், யூனிவர்சல் கிரெடிட் (குறைந்த வருமானத்துக்கான அரச உதவி) எடுத்தால் அதன் ஆன்லைன் ஜேர்னலில் ஒரு வரி, ராயல் மெயிலில் கடிதத் திசைமாற்றம், புது ஜீபியில் பதிவு. எல்லாம் ஒரு பின்னேரத்து வேலை.

யாருடன் இருக்கிறோம் என்பதால் பிப் கூடவும் போவதில்லை, குறையவும் போவதில்லை. தம்பி வீட்டில் இருந்தாலும் மகள் வீட்டில் இருந்தாலும் அதே தொகைதான். ஆனால் ஆஸ்பத்திரியில் 28 நாளுக்கு மேல் இருந்தால் இரண்டு பகுதியும் நிற்கும். கவுன்சில் காசில் பராமரிப்பு இல்லத்துக்குப் போனால் 28 நாளுக்குப் பிறகு அன்றாட வாழ்வுப் பகுதி நிற்கும், நடமாட்டப் பகுதி தொடரும். நல்லூர்த் திருவிழாவுக்குப் போய் ஊரில் ஆறுதலாக நிற்க நினைப்பவர்கள் வெளிநாட்டில் 13 வாரத்துக்கு மேல் நின்றால் பிப் நிற்கும் என்ற எல்லையை மறக்க வேண்டாம். போகும்போது கடிதத்தை எடுத்துப் பார்க்க யாரிடமாவது திறப்பைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

படி 3: ஒரு வாரம் எழுதி வையுங்கள்

படிவத்தை உடனே நிரப்பத் தொடங்காதீர்கள். முதலில் ஒரு கொப்பியில் ஒரு வாரம், காலையிலிருந்து இரவு வரை யார் எதற்குக் கை கொடுத்தார்கள் என்று எழுதுங்கள். நான் எங்கள் ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த கலண்டரிலேயே எழுதினேன். திங்கட்கிழமை மட்டும் இவ்வளவு: சட்டை பொத்தான் நான் போட்டேன், மாத்திரைப் பெட்டி மகள் திறந்தாள், தேத்தண்ணிக் கோப்பையை மேசைக்கு நான் கொண்டுபோனேன், குளிக்கும்போது என் கணவர் கதவுக்கு வெளியே நின்றார், மத்தியானம் இறைச்சியை நான் வெட்டிக் கொடுத்தேன்.

இதையெல்லாம் உதவி என்று நாங்கள் யாரும் நினைத்ததே இல்லை. வீட்டில் நடக்கிற சாதாரண விஷயம். தனியாக இருந்தபோது அண்ணா செய்ய முடியாமல் விட்ட வேலைகள் கண்ணுக்குத் தெரிந்தன. குடும்பத்துக்குள் வந்ததும் அவை வீட்டு வேலையோடு கரைந்து போகின்றன. உறவுக்காரருடன் இருக்கும்போது மீளாய்வு வந்தால் கவனிக்க வேண்டியது இதைத்தான். அங்கே கேட்பது உங்களுக்கு என்ன உதவி தேவை என்பதை. யாராவது அன்பாகச் செய்து தருவதால் அந்தத் தேவை இல்லாமல் போகாது.

படி 4: படிவம்

ஏ.ஆர்.1 ஒவ்வொரு விஷயத்திலும் முன்பைவிட மாற்றம் உண்டா என்று கேட்கும். "மாற்றம் இல்லை" என்று மட்டும் போட்டு விடாதீர்கள். இப்போது எப்படி இருக்கிறது என்று முழுவதும் திரும்ப எழுதுங்கள். பழைய படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு இதைப் படிப்பார்கள் என்று நம்ப வேண்டாம்.

நாங்கள் முதலில் தமிழில் எழுதினோம், பிறகு மகள் ஆங்கிலமாக்கினாள். சமையலுக்கு அண்ணா சொன்னது: "பிரச்சினை இல்லை, சமாளிக்கிறேன்." மகள் அதை "ஐ கேன் மேனேஜ்" என்று எழுதினாள். அதைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. நாம் சமாளிக்கிறோம் என்றால் எப்படியோ ஒப்பேற்றுகிறோம் என்று அர்த்தம். அந்தப் படிவத்தில் மேனேஜ் என்றால் நன்றாகச் செய்ய முடிகிறது என்று அர்த்தம். புள்ளி பூச்சியம்.

திருத்தி எழுதியது இது:

"இடது கையால் வெங்காயத்தைப் பிடிக்க முடியாது. வெட்டும்போது அது உருண்டு, கத்தி இரண்டு தடவை விரலில் பட்டது. சட்டியை இரண்டு கையாலும் தூக்க முடியாது. சோறு வடிக்கும்போது கொதிகஞ்சி தொடையில் ஊற்றுப்பட்டது. அதன் பிறகு அடுப்பை மூட்டுவதில்லை. வாரத்தில் 7 நாளும் இப்படித்தான். தங்கச்சி சமைத்து வைப்பதைச் சூடாக்குவேன், பெட்டியின் மூடியை அவர் தளர்த்தி வைத்தால் மட்டும்."

சமைக்க ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்கவோ கை கொடுக்கவோ வேண்டும் என்றால் 4 புள்ளி. அங்கே கேட்பது பத்துக் கறியும் பாயசமும் அல்ல. பச்சைக் காய்கறி வைத்து ஒரு ஆளுக்கு ஒரு எளிய சாப்பாட்டை அடுப்பில் செய்ய முடியுமா என்பதைத்தான்.

ஒவ்வொரு பதிலிலும் நான்கு கேள்வி கேட்டுப் பாருங்கள். பாதுகாப்பாகச் செய்ய முடிகிறதா? ஒழுங்காகச் செய்ய முடிகிறதா? தேவைப்படும் தடவையெல்லாம் முடிகிறதா? மற்றவர்கள் எடுக்கும் நேரத்தைப் போல் இரண்டு மடங்குக்குள் முடிகிறதா? ஒன்றுக்கு "இல்லை" என்றாலும், விதிப்படி அது செய்ய முடியாத வேலைதான். நல்ல நாள், கெட்ட நாள் மாறி மாறி வந்தால் பாதிக்கு மேற்பட்ட நாட்களில் எப்படி என்று எழுதுங்கள்.

உடுப்பில் அண்ணா பிடிவாதமாக நின்றார். "சாரமும் பனியனும்தானே, அதுக்கு என்ன உதவி?" உண்மைதான். வீட்டில் சாரம், காலில் செருப்பு. ஆனால் விதியில் உடுப்பது என்றால் காலுறையும் சப்பாத்தும் சேர்த்துத்தான். கதிரையில் உட்கார வைத்து ஒரு காலுறையைக் கொடுத்தேன். ஒற்றைக் கையால் விரல் நுனியில் மாட்டுவார், குதியில் ஏறாது, குனிந்தால் இடப்பக்கம் சாய்வார். ஆறு நிமிடம் பார்த்துவிட்டு நானே போட்டுவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. கீழ் உடம்புக்கு உடுப்பாட்ட ஆள் வேண்டும் என்பதற்கு 2 புள்ளி.

வீடு மாறுபவர்கள் குளியலில் ஏமாறாமல் இருக்க ஒன்று. எங்கள் வீட்டில் படியில்லாத ஷவர் இருக்கிறது, அதில் அண்ணா ஓரளவு தனியாகக் குளிப்பார். ஆனால் புள்ளி போடுவது மாற்றம் எதுவும் செய்யாத சாதாரண குளியல் தொட்டியையோ ஷவரையோ வைத்து. அந்தத் தொட்டிக்குள் ஏறி இறங்க ஆள் வேண்டும் என்றால் 3 புள்ளி. அதை எழுதுங்கள். புது வீடு வசதியானது என்பதால் கை சரியாகிவிடவில்லை.

டாக்டர் கடிதம், மருந்துப் பட்டியல், பிசியோ அறிக்கை இவற்றின் பிரதிகளை இணையுங்கள். அனுப்ப முன் படிவத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் "ஒரே கேள்வியில் 4 புள்ளி இல்லாவிட்டால் பிப் போச்சு" என்ற செய்தியைப் பற்றி ஒரு வார்த்தை. 2025 மார்ச்சில் அன்றாட வாழ்வுப் பகுதிக்கு அரசு அப்படித்தான் முன்மொழிந்தது. ஜூலையில் அந்தப் பகுதியை மசோதாவிலிருந்து எடுத்துவிட்டு, அமைச்சர் ஸ்டீபன் டிம்ஸ் தலைமையில் பிப் முழுவதையும் ஆராய்வதாகச் சொன்னது.

படி 5: மதிப்பீடு

சிலருக்குப் படிவத்தை வைத்தே முடிவு வரும். மற்றவர்களிடம் போனிலோ வீடியோவிலோ நேரிலோ ஒரு மதிப்பீட்டாளர் கேள்வி கேட்பார். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றால் திகதி குறிக்கும்போதே கேளுங்கள். பிள்ளைகளை வைத்துச் சமாளிப்பதை நான் விரும்பவில்லை. மகளுக்கு முன்னால் கழிவறைக் கஷ்டத்தை எந்த மனிதர் வாய் திறந்து சொல்வார்? துணைக்கு ஒருவர் கூட இருக்கலாம். நீங்கள் துணை என்றால், "எப்படி இருக்கிறீர்கள்?" என்ற முதல் கேள்விக்கே "நல்லாயிருக்கிறன்" என்று வரும் பதிலை எதிர்பார்த்து இருங்கள். அண்ணாவுக்கும் அப்படித்தான் வந்தது. "நேற்றிரவு என்ன நடந்தது, சொல்லுங்கோ" என்று நான் தொட்டுக் கொடுத்தேன்.

படி 6: சாமான் கட்ட முன்

முடிந்தால் மீளாய்வு முடியும் வரை பழைய வீட்டை விடாதீர்கள். கவுன்சில் வீட்டை ஒருமுறை ஒப்படைத்தால் திரும்ப எடுப்பது லேசான விஷயம் இல்லை. சேர்ந்து வாழ்வது சரிவருமா என்று முதலில் ஒரு மாதம் பாருங்கள். திரும்பி வரும் எண்ணம் இருந்து, ஆறு மாதத்துக்குள் என்றால் யூனிவர்சல் கிரெடிட்டின் வாடகைப் பகுதி பொதுவாகத் தொடரும். ஆனால் மறைக்காமல் ஜேர்னலில் எழுதுங்கள், வீட்டு அதிகாரிக்கும் சொல்லுங்கள்.

நிரந்தரமாக வந்த பிறகு தங்கச்சிக்கு வாடகை கொடுத்து அதை யூனிவர்சல் கிரெடிட்டில் கேட்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். முடியாது. அதே வீட்டில் இருக்கும் நெருங்கிய உறவினருக்குக் கொடுக்கும் வாடகையைக் கணக்கில் எடுக்கமாட்டார்கள்.

வாரம் 35 மணி நேரமாவது நீங்கள் பார்த்துக்கொண்டால் கேரர்ஸ் அலவன்ஸ் உண்டு. 2025-26இல் வாரம் 83.30 பவுண், வேலைச் சம்பளம் கழிவுகள் போக வாரம் 196 பவுணைத் தாண்டக்கூடாது. இது நீங்கள் பார்த்துக்கொள்பவரின் பிப்பின் அன்றாட வாழ்வுப் பகுதியில் தொங்குகிறது. அது போனால் இதுவும் போகும்.

வேறு கவுன்சிலுக்குப் போகிறீர்கள், வீட்டுக்குப் பராமரிப்பாளர் வருகிறார் என்றால் புது கவுன்சிலுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். நீங்கள் வந்து சேரும் நாளுக்குள் அவர்கள் மதிப்பீட்டை முடிக்காவிட்டால் பழைய கவுன்சில் கொடுத்த அதே பராமரிப்பைத் தொடர வேண்டும் என்பது 2014 கேர் சட்டம். கைபிடி, படி லிஃப்ட் போன்றவற்றுக்கு, வீட்டை மாற்றியமைக்கக் கவுன்சில் தரும் டிசேபிள்ட் ஃபெசிலிட்டீஸ் கிராண்ட் 30,000 பவுண் வரை உண்டு. வருமானம் பார்ப்பார்கள். ஆனால் பார்ப்பது மாற்றுத்திறனாளியுடையதையும் அவரது துணையுடையதையும்தான், வீட்டுக்காரத் தங்கச்சியுடையதை அல்ல. அனுமதி கிடைக்க முன் மேசனைக் கூப்பிட்டு உடைக்கத் தொடங்கினால் காசு வராது.

படி 7: முடிவு வந்ததும்

புள்ளி குறைந்தால் கடிதத்தில் உள்ள திகதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேளுங்கள். அதற்கு முன் போன் எடுத்து மதிப்பீட்டாளரின் அறிக்கைப் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். எந்த வரி உங்கள் வீட்டில் நடப்பதோடு ஒத்துவரவில்லை என்று அதை வைத்துத்தான் காட்ட முடியும். அதிலும் சரிவராவிட்டால் இன்னொரு மாதத்துக்குள் தீர்ப்பாயம். செலவு இல்லை. பிப் விஷயத்தில் அங்கே விசாரணை வரை போனவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குச் சாதகமாகவே முடிந்திருக்கிறது. அதனால் மறுபரிசீலனையில் "இல்லை" என்று வந்ததும் சோர்ந்து போக வேண்டாம். எழுதிக் கொடுக்க ஆள் வேண்டுமென்றால் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற ஆலோசனை அமைப்பு இருக்கிறது, இலவசம்.

அண்ணாவின் முடிவு கடிதம் வந்து, அடுத்த மீளாய்வு எந்த வருடம் என்று கலண்டரின் கடைசிப் பக்கத்தில் எழுதிய பிறகுதான் வீட்டை விடும் அறிவித்தல் கொடுத்தோம். திறப்பைக் கொடுத்த அன்று வெறும் அறைகளையும் மீட்டர் இலக்கத்தையும் படம் எடுத்து, கையெழுத்து வைத்த ரசீதும் வாங்கிக்கொண்டு வந்தோம்.