தகர டப்பாவில் ஒரு நீரியல் பாடம்
நீலகிரிக் கல்லூரிகளில் சுற்றுச்சூழல் பாடம் எடுப்பவர்களுக்கு: சோலைக்காடும் புல்வெளியும் நீரைப் பிடித்துவைக்கும் விதத்தைக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு விளக்குவதைச் சற்றுத் தள்ளிப்போடுங்கள். முதலில் ஒரு கேள்வி போதும். புல்வெளி, சோலை ஓரம், தேயிலைத் தோட்டம், சீகை (வாட்டில்) மரத் தோப்பு ஆகியவற்றில் எந்த மண் தண்ணீரை வேகமாகக் குடிக்கும்? ஒவ்வொருவரும் தம் ஊகத்தைக் காரணத்தோடு எழுதித் தரட்டும்.

பிறகு இருபுறமும் திறந்த, ஒரே அளவுள்ள தகர டப்பாக்களை மண்ணில் 5 செ.மீ. ஆழம் அழுத்தி, அரை லிட்டர் நீர் ஊற்றி, அது வடியும் நேரத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். ஒவ்வோர் இடத்திலும் சற்று நகர்த்தி மூன்று முறையாவது செய்ய வேண்டும். (வெட்டிய விளிம்பு கையைக் கிழிக்கும், தட்டி மழுக்கிவிடுங்கள்.)

அளவுகள் பெரும்பாலும் ஒன்றோடொன்று ஒத்துவராது. அப்போது விடையைச் சொல்லாமல் வாயைக் கட்டுவதுதான் ஆசிரியருக்குக் கடினம். நேற்றைய மழையா, எருமை மிதித்து இறுகிய மண்ணா, சரிவா, சருகா என்று அவர்களே ஒவ்வொன்றாகச் சோதித்துக் கழிக்கட்டும்.

அடுத்து, மண் வேகமாக உறிஞ்சினால் கோடையில் ஓடைக்கும் அதிக நீர் கிடைக்குமா என்று கேளுங்கள். சீகையும் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) வேரால் இழுத்து ஆவியாக்கும் நீர் அப்போது கணக்கில் நுழையும். 19ஆம் நூற்றாண்டில் விறகுக்காகக் கற்பூர மரங்களை நட்ட கதையும் பின்னாலேயே வரும்.

காப்புக்காட்டுக்குள் செல்ல வனத்துறை அனுமதி வேண்டும். கல்லூரி வளாகச் சரிவிலேயே பாதி வேலையை முடித்துவிடலாம்.