பசியைக் குறைக்கும் ஊசி போடுகிறீர்களா? முதல் வாய் எதுவாக இருக்க வேண்டும் என்று பார்ப்போம்

உடல் எடையைக் குறைக்க வாரம் ஒரு முறை போடும் ஊசியான மவுஞ்சாரோ 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தது. அதே வகையைச் சேர்ந்த வெகோவி அதே ஆண்டு ஜூனில். அதிலிருந்து "ஊசி போட ஆரம்பிச்சாச்சு, பசியே இல்லை, என்னதான் சாப்பிடறது?" என்ற கேள்வி அடிக்கடி காதில் விழுகிறது. டோஸை டாக்டர் எழுதிக் கொடுக்கிறார், ஊசிப் பேனாவை எப்படிப் பிடிப்பது என்று நர்ஸ் காட்டிவிடுகிறார். சாப்பாடு என்று வரும்போது மட்டும் "கொஞ்சமா சாப்பிடுங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அந்தக் கொஞ்சத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதை இங்கே படிப்படியாகப் பார்க்கலாம். மருந்து வேண்டுமா வேண்டாமா, எந்த டோஸ் என்பதெல்லாம் டாக்டர் சொல்ல வேண்டியவை. அதற்குள் நான் போகவில்லை.

முதலில் இரண்டு வரி விளக்கம். வெகோவியில் இருப்பது செமாக்ளூட்டைடு, மவுஞ்சாரோவில் டிர்செபடைடு. சாப்பிட்டதும் நம் குடல் சுரக்கும் ஜி.எல்.பி-1 என்ற ஹார்மோனின் வேலையை இவை செய்கின்றன (டிர்செபடைடு இன்னொரு குடல் ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்யும்). "போதும்" என்ற தகவல் மூளைக்குச் சீக்கிரம் போய்விடும். இரைப்பையும் மெதுவாகத்தான் காலியாகும். அதனால் நாலு வாயிலேயே வயிறு நிறைந்துவிடும்.

எடை குறையும். ஆனால் குறைவது கொழுப்பு மட்டுமல்ல. செமாக்ளூட்டைடு பற்றி 2021-ல் வெளியான பெரிய ஆய்வில், 68 வாரத்தில் சராசரியாக உடல் எடையில் 15 சதவீதம் அளவுக்குக் குறைந்தது. ஆய்வில் கலந்துகொண்டவர்களில் ஒரு பகுதியினருக்கு உடல் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். குறைந்த எடையில் ஏறக்குறைய 5-ல் 2 பங்கு கொழுப்பல்லாத நிறை. தசையும் அதில் சேர்த்திதான். படி ஏறும்போது முழங்கால் நடுங்குகிறது, கொத்துக்கொத்தாக முடி கொட்டுகிறது என்று சிலர் சொல்வதற்கு, வேகமாக எடை இறங்குவதும் கூடவே புரதம் போதாமல் போவதும் காரணமாக இருக்கலாம்.

படி 1: உங்கள் புரதக் கணக்கைப் போடுங்கள்

நீங்கள் எட்ட நினைக்கும் எடையைக் கிலோவில் எடுத்து 1.2 ஆல் பெருக்குங்கள். இலக்கு 65 கிலோ என்றால் 78 கிராம் புரதம். இது ஒரு நாளைக்குத் தேவையான உத்தேசக் கணக்கு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்தக் கணக்கைப் போட வேண்டாம். அவர்களுக்கு எவ்வளவு என்று சிறுநீரக டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

இப்போது வழக்கமாகச் சாப்பிடுவதில் எவ்வளவு புரதம் கிடைக்கிறது என்று பாருங்கள். ஒரு முட்டையில் 6 கிராம். ஒரு டம்ளர் பாலில், அதாவது 200 மில்லியில், 6 முதல் 7. சமைத்த கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் 30 வரை. மீன் 100 கிராமில் 20 சொச்சம். பனீர் 100 கிராமில் 18. வேகவைத்த கொண்டைக்கடலை அரைக் கிண்ணத்தில் 7. பொட்டுக்கடலை ஒரு கைப்பிடியில், 30 கிராம் என்று வைத்தால், 6. மீல்மேக்கர் காய்ந்த நிலையில் 25 கிராம் எடுத்தால் 13. ஒரு இட்லியில் 2 கிராம்தான்.

"தினமும் சாம்பார் வைக்கிறோமே, பருப்பு போகிறதே" என்பீர்கள். நாலு பேர் வீட்டில் ஒரு நாள் சாம்பாருக்கு 100 கிராம் துவரம்பருப்பு போட்டால் அதில் மொத்தம் 22 கிராம் புரதம். ஆளுக்கு ஐந்தரை கிராம் வருகிறது. அதுவும் சாம்பாரைக் கடைசிச் சொட்டு வரை பங்கிட்டால்தான். நம் ஊர்ச் சைவச் சாப்பாட்டில் புரதம் நிறைய இருக்கிறது என்ற நம்பிக்கை இந்தக் கணக்கில் அடிபட்டுவிடுகிறது. சாம்பாரை விட வேண்டாம். வாரத்தில் சில நாள் அதற்குப் பதிலாகக் கெட்டிப் பருப்பு கடைந்து, ஒரு கிண்ணம் தனியாகச் சாப்பிடுங்கள்.

படி 2: தட்டின் வரிசையை மாற்றுங்கள்

இந்தப் பதிவில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

நம் மதியச் சாப்பாடு மூன்று சுற்று: முதலில் குழம்புச் சாதம், பிறகு ரசம், கடைசியில் மோர் அல்லது தயிர். பொரியலும் மீனும் தொட்டுக்கொள்ள. ஊசி போட்டவருக்கு முதல் சுற்றிலேயே வயிறு அடைத்துவிடும். அப்போது வயிற்றில் இருப்பது சோறும் குழம்புத் தண்ணீரும். மீன் பாதி மிஞ்சும், தயிர் வரை போகவே முடியாது. பசி குறைவாக இருக்கும்போது முதலில் சாப்பிடுவதுதான் அந்த வேளையின் சாப்பாடு. மற்றதெல்லாம் தட்டில் நின்றுவிடும்.

ஆகவே வரிசையைத் திருப்பிவிடுங்கள். முதல் வாய் மீன், முட்டை, பனீர், கெட்டிப் பருப்பு, இவற்றில் ஏதாவது ஒன்று. அதை முடித்த பிறகு காய் அல்லது கீரை. சோறு கடைசி. இரண்டு கரண்டி போதும், முடியவில்லை என்றால் விட்டுவிடலாம். மூன்று சுற்றையும் ஒரே வேளையில் முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. மதியம் குழம்பு, ராத்திரி ரசம், நடுவே தயிர் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

பெரிய தட்டை எடுக்காமல் டிபன் தட்டில் பரிமாறிக்கொள்வது நல்லது. மென்று, நிதானமாக, இருபது நிமிடமாவது எடுத்துக்கொள்ளுங்கள். நெஞ்சுக்குக் கீழே ஒரு இறுக்கம் தெரிந்ததும் கையைக் கழுவிவிடலாம். "இன்னும் ஒரு கரண்டி வச்சுக்கம்மா" என்று அத்தையோ பாட்டியோ கரண்டியோடு நிற்பார்கள், அதற்கும் தயாராக இருங்கள். அந்த ஒரு கரண்டிதான் ராத்திரி வாந்தியாக வரும்.

படி 3: ஒரு நாளைத் திட்டமிடுங்கள்

மூன்று பெரிய வேளைகளில் 78 கிராம் உள்ளே போகாது. ஐந்து ஆறு சிறு வேளையாக்குங்கள். பசி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், அது வராது. கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிட வேண்டியதுதான்.

அசைவம் சாப்பிடுபவருக்கு ஒரு மாதிரி: காலையில் அவித்த முட்டை இரண்டு, ஒரு இட்லி, கொஞ்சம் கெட்டிச் சாம்பார், 16 கிராம். பதினொரு மணிக்குத் தயிர் ஒரு கிண்ணம், 5 கிராம். மதியம் மீன் 100 கிராம், கெட்டிப் பருப்பு கொஞ்சம், கீரை, இரண்டு கரண்டி சோறு, 28 கிராம் வரும். மாலை அரைக் கிண்ணம் சுண்டல், 7. ராத்திரி மென்மையாக வெந்த கோழி சிறிதளவும் ஒரு சப்பாத்தியும், 20 சொச்சம். படுக்க ஒரு மணி நேரம் முன்பு பால், 6. கூட்டினால் 80-ஐத் தாண்டுகிறது. சோற்றின் மொத்த அளவு அரைக் கிண்ணம்தான் என்பதைக் கவனியுங்கள்.

சைவர்களுக்கு இது கஷ்டம். காலையில் பச்சைப்பயறு தோசை அல்லது அடை, மதியம் கெட்டிப் பருப்பும் மீல்மேக்கரும், மாலை சுண்டல், ராத்திரி பனீர், நடுவில் பால், தயிர், பொட்டுக்கடலை என்று எல்லாவற்றையும் ஒழுங்காகச் சாப்பிட்டாலும் 65 கிராம் பக்கத்தில்தான் நிற்கும். மிச்சத்துக்கு ஒரு ஸ்கூப் வே புரதப் பொடி போட்டுக்கொள்வதில் தவறில்லை. ஜிம் பையன்கள் மட்டும் குடிப்பது என்ற கூச்சம் வேண்டாம், அது பாலிலிருந்து எடுத்ததுதான். சர்க்கரை அதிகம் சேர்த்த "ஹெல்த் டிரிங்க்" பொடி வேறு. டப்பாவின் பின்பக்கம் புரதம் எத்தனை கிராம், சர்க்கரை எத்தனை கிராம் என்று பார்த்து வாங்குங்கள்.

இன்னொரு சிக்கலும் வரும். முன்பு ஆசையாகச் சாப்பிட்ட கோழிக்கறியின் வாசனையே சிலருக்குப் பிடிக்காமல் போய்விடும். வறண்ட வறுவலை விழுங்கவும் முடியாது. அப்படியானால் முட்டைப் பொடிமாஸ், இட்லித் தட்டில் ஆவியில் வெந்த மீன், உதிர்த்த பனீர், தயிர் என்று ஈரமான, மென்மையான பக்கம் போங்கள். ஆறின உணவில் வாசனை குறைவு, அதுவும் உதவும். கஞ்சிதான் இறங்குகிறது என்றால் கஞ்சியே குடியுங்கள். இரண்டு ஸ்பூன் பொட்டுக்கடலை மாவைக் கரைத்து விட்டால் அதிலும் கொஞ்சம் புரதம் சேரும்.

படி 4: ஊசி நாளையும் அடுத்த இரண்டு நாளையும் தனியாகப் பாருங்கள்

குமட்டல் பலருக்கு ஊசி போட்ட மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் அதிகம். டோஸ் கூட்டிய வாரத்தில் இன்னும் அதிகம். அதனால் கிழமையை யோசித்துத் தேர்ந்தெடுங்கள். ஞாயிறு கல்யாணம் இருக்கிறது என்றால் சனிக்கிழமை ஊசி போடாதீர்கள். கிழமையை நிரந்தரமாக மாற்றுவதானால் இரண்டு ஊசிகளுக்கு நடுவே எத்தனை நாள் இருக்க வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த நாட்களில் எண்ணெய்ப் பண்டம்தான் முதல் எதிரி. பரோட்டா, பிரியாணி, பஜ்ஜி, வடை எல்லாம் கொழுப்பு அதிகம். ஏற்கெனவே மெதுவாகக் காலியாகும் இரைப்பையைக் கொழுப்பு இன்னும் மெதுவாக்கும். ராத்திரி பத்து மணிக்குச் சாப்பிட்ட பிரியாணி காலையிலும் தொண்டையில் நிற்கும், கூடவே அழுகிய முட்டை நாற்றத்தோடு ஏப்பம். இட்லி, ரசம் சாதம், மோர், குழைந்த பாசிப்பருப்பு போதும். இஞ்சி தட்டிப் போட்ட வெந்நீர் சிலருக்கு நன்றாகக் கேட்கும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் படுக்காதீர்கள். வெறும் வயிற்றில் ஃபில்டர் காபி குமட்டலைக் கிளப்பினால் முதலில் ஒரு வாய் ஏதாவது சாப்பிட்டுவிட்டுக் குடியுங்கள்.

அதற்காக எண்ணெயே இல்லாமல் சமைக்க வேண்டாம். எடை வேகமாகக் குறையும்போது பித்தப்பையில் கல் உருவாகும் வாய்ப்பு கூடுகிறது. கொழுப்பே சாப்பிடாவிட்டால் பித்தப்பை சரியாகச் சுருங்காது, பித்தம் தேங்கும். தாளிக்க ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் இருக்கட்டும்.

படி 5: தண்ணீர், அப்புறம் மலச்சிக்கல்

பசியோடு தாகமும் குறையும், சாப்பாட்டிலிருந்து கிடைத்த தண்ணீரும் குறையும். ஒரு பாட்டிலை மேஜையில் வைத்து நாள் முழுக்கச் சிறிது சிறிதாகக் குடியுங்கள். சாப்பிடும்போது தண்ணீரை நிறையக் குடித்தால் அந்த இடம் போய்விடும். அரை மணி நேரம் முன்போ பின்போ குடிக்கலாம். வாந்தி, பேதி இருந்தால் நீர்மோர், ஓ.ஆர்.எஸ்.

மலச்சிக்கலுக்கு முருங்கைக்கீரை, அவரைக்காய், கொய்யா, தோலோடு பயறு. இசப்கோல் (நார்ச்சத்து உமி) எடுப்பதானால் தண்ணீர் தாராளமாக வேண்டும், இல்லாவிட்டால் அதுவே அடைத்துக்கொள்ளும். நார்ச்சத்தை ஒரே நாளில் ஏற்றாமல் ஒன்றிரண்டு வாரத்தில் மெதுவாகக் கூட்டுங்கள்.

படி 6: மற்ற மாத்திரைகளோடு மோதவிடாதீர்கள்

ரைபெல்சஸ் மாத்திரையும் செமாக்ளூட்டைடுதான், சர்க்கரை நோய்க்குத் தருவது. காலையில் வெறும் வயிற்றில், அரை டம்ளர் தண்ணீரில், 120 மில்லிக்கு மேல் போகாமல் விழுங்க வேண்டும். அரை மணி நேரம் காபி, டீ, வேறு மாத்திரை எதுவும் கூடாது. தைராய்டு மாத்திரையும் வெறும் வயிற்றில் போடுவது என்பதால் இரண்டையும் எந்த வரிசையில் போடுவது என்று கேட்காமல் நீங்களே முடிவு செய்யாதீர்கள்.

இன்சுலின், கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை நோய் மருந்துகள் எடுப்பவர்களுக்குச் சாப்பாடு குறைந்ததும் சர்க்கரை தாழ்ந்துபோகக் கூடும். கை நடுக்கம், வேர்வை, படபடப்பு வந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் குடித்துவிட்டு டாக்டரிடம் டோஸைப் பற்றிப் பேசுங்கள். விரதம் இருப்பவர்களும் இதை முன்கூட்டியே பேச வேண்டும். கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்கள் டிர்செபடைடு தொடங்கிய முதல் 4 வாரமும், டோஸ் கூட்டும் ஒவ்வொரு முறை 4 வாரமும் வேறு பாதுகாப்பும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எண்டோஸ்கோபி, அறுவைச் சிகிச்சை எதுவாக இருந்தாலும் ஊசி போடுவதை மயக்க மருந்து டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

படி 7: தசைக்கு வேலை கொடுங்கள்

நடை நல்லது, ஆனால் அது மட்டும் போதாது. வாரம் இரண்டு மூன்று நாள் நாற்காலியில் கையூன்றாமல் உட்கார்ந்து எழுவது, சுவரில் கையூன்றித் தள்ளுவது, தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது. இருபது நிமிடம் ஆகும்.

எப்போது டாக்டரைக் கூப்பிடுவது

மேல் வயிற்றில் விடாத கடும் வலி, அது முதுகுக்குப் பரவுவது. வலது விலாவுக்குக் கீழே வலியோடு காய்ச்சல் அல்லது கண் மஞ்சள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் கூட நிற்காத வாந்தி. சிறுநீர் ரொம்பக் குறைந்துபோவது. இவற்றுக்கு இஞ்சித் தண்ணீர் வைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள், அன்றைக்கே போய்க் காட்டுங்கள். குழந்தைக்குத் திட்டமிடுபவர்களும் முன்கூட்டியே பேச வேண்டும். செமாக்ளூட்டைடைக் குறைந்தது 2 மாதம் முன்பே நிறுத்தச் சொல்கிறார்கள்.

ஊருக்குப் போன இடத்தில் சில வாரம் ஊசி விட்டுப்போனால், பழைய பெரிய டோஸிலேயே மறுபடி ஆரம்பிக்காதீர்கள். எங்கிருந்து தொடங்குவது என்று டாக்டர் சொல்வார். செலவு தாங்காமல் ஒரேயடியாக நிறுத்துபவர்களும் இருக்கிறார்கள். முன்பு சொன்ன ஆய்வின் தொடர்ச்சியில், மருந்தை நிறுத்தி ஒரு வருடத்தில் குறைந்த எடையில் 3-ல் 2 பங்கு திரும்பிவிட்டது. நிறுத்தியாக வேண்டும் என்றால் அதை ஒன்றிரண்டு மாதம் முன்பே டாக்டரிடம் சொல்லித் திட்டமிடுங்கள். பசி திரும்பி வரும்போது தட்டில் முதலில் ஏறப் பார்ப்பது சோறுதான். அப்போதும் முதல் வாய் முட்டையாகவோ பருப்பாகவோ இருக்கட்டும், வாரம் ஒரு முறை எடையைப் பார்த்து எழுதி வையுங்கள்.