பலகாரக் கடையில் ‘எனக்குத்தான்’ என்று சொல்வது எப்படி

காரைக்குடியில் பலகாரம் கிடைப்பது கஷ்டமே இல்லை. செக்காலை ரோட்டுப் பக்கம் ஒரு நடை போனாலே கடைகள் தட்டுப்படும். உள்தெருக்களில் வீட்டிலேயே எண்ணெய்ச் சட்டி வைத்து, கிலோ கணக்கில் போட்டுத் தருகிறவர்களும் இருக்கிறார்கள். கஷ்டமெல்லாம் நமக்கென்று நாமே போய் வாங்குவதில்தான். அதுவும் என்னைப் போலப் பருமனான ஆளாக இருந்துவிட்டால், தராசில் தேன்குழல் ஏறும்போது நம்மையும் சேர்த்து நிறுக்கிற மாதிரி ஒரு கூச்சம்.

நான் ரவிக்கை தைக்கிறவள். அளவுநாடா இடுப்பைச் சுற்றியதும் மூச்சை இழுத்து வயிற்றை உள்ளே தள்ளிக்கொள்ளாத பெண் அபூர்வம். கல்லூரிக்குப் போகிற ஒல்லிப் பிள்ளைகளும் இதில் சேர்த்திதான். மார்க்கெட்டில் என்ன விலை, மாமியார் எப்படி இருக்கிறார் என்று பேச்சுக் கொடுத்து, மூச்சை விட வைத்துத்தான் அளவெடுப்பேன். இல்லாவிட்டால் கொக்கி மாட்ட வராது, அப்புறம் தையல் சரியில்லை என்று என்னிடமே திரும்பி வரும். ஆக, அடுத்தவர் கண்ணுக்குக் கூசுகிற விஷயத்தில் எனக்குத் தொழில் அனுபவம் உண்டு.

முதலில் அந்தக் கேள்வியைப் பார்ப்போம். கடைக்குள் காலை வைத்ததும் வரும்: “என்னக்கா, வீட்ல விசேஷமா?” நமக்கு என்ன கேட்கிறது? ‘விசேஷம் இல்லாமல் உனக்கு எதற்குப் பலகாரம்?’ என்று கேட்கிறது. கடைக்காரர் கேட்பது அது இல்லை. எங்கள் ஊர்ப் பக்கம் பலகாரம் என்றால் பெண் வீட்டிலிருந்து போகிற சீர், இல்லாவிட்டால் சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வந்தவர்கள் பெட்டியில் அடுக்கிக்கொண்டு போவது. சீருக்கு என்றால் உடையாத முழுத் தேன்குழலாகப் பார்த்து எடுக்க வேண்டும். பிளைட்டில் போவதென்றால் ஆடாமல் இறுக்கி அடைக்க வேண்டும். வீட்டுக்கு என்றால் ஓரம் உடைந்தது ஒன்றிரண்டு கலந்தாலும் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். அவர் தெரிந்துகொள்ள நினைப்பது இவ்வளவுதான். பலகாரம் போட்டு விற்கிற ஒரு அக்காவிடமே இதைக் கேட்டேன். “பின்ன, எதுல கட்டுறதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?” என்றார்.

ஆகவே பதிலும் சின்னதாக இருந்தால் போதும். “இல்ல தம்பி, எனக்குத்தான். கால் கிலோ தேன்குழல், நூறு கிராம் மணகோலம்.” மூச்சு விடாமல் சொல்ல வேண்டும். ‘எனக்குத்தான்’ என்ற இடத்தில் நிறுத்தினால் அங்கே ஒரு மௌனம் விழும். அந்த மௌனத்தில்தான் நாமே தேவையில்லாத விளக்கமெல்லாம் சொல்ல ஆரம்பிப்போம். பொருளும் அளவும் உடனே பின்னால் வந்துவிட்டால் அவர் கை தட்டை எடுக்கப் போய்விடும்.

அளவைக் கிராமில் சொல்லுங்கள். கூச்சப்படுகிறவர்கள் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல “கொஞ்சம் குடுங்க” என்பார்கள். “கொஞ்சம்னா எவ்வளவுக்கா?” “சும்மா, ஒரு கை.” “நூறு போடவா, இருநூறு போடவா?” இப்படி நாலு முறை போய் வந்தால் பக்கத்தில் நிற்கிறவர் திரும்பிப் பார்க்காமல் என்ன செய்வார்? வாசலுக்கு வெளியே நிற்கும்போதே என்ன, எவ்வளவு என்று மனசில் முடிவு செய்துகொண்டு உள்ளே போங்கள்.

அடுத்தது, கதை கட்டாதீர்கள். “பிள்ளைகளுக்கு”, “ஊரிலேருந்து விருந்தாளி வர்றாங்க”, “ஆபீஸ்ல கேட்டாங்க” எல்லாம் கதைதான். ஒரு கதையைக் காப்பாற்ற அடுத்த வாரம் இன்னொன்று வேண்டியிருக்கும். அதுவும் இந்த ஊரில், விருந்தாளி வந்தாரா இல்லையா என்பது நம்மைவிட எதிர்வீட்டுக்கு நன்றாகத் தெரியும்.

எனக்கு ஒரு ஆச்சி வாடிக்கை. இரண்டு கட்டு வளவு வீடு, ஆத்தங்குடிக் கல் பதித்த முகப்பு, அத்தனை அறையில் இப்போது விளக்கு எரிவது இரண்டில்தான். ஐயா போய்ப் பல வருஷம் ஆகிறது. பிள்ளைகள் வெளியூரில். ரவிக்கைத் துணி கொடுக்கும்போதே மடித்த நோட்டு ஒன்றும் கைக்கு வரும். “வரும்போது பேரப்பிள்ளைகளுக்குக் கொஞ்சம் சீப்புச் சீடை வாங்கிட்டு வந்திரு ஆத்தா.” பேரப்பிள்ளைகள் வருவது மே மாசம் மட்டும். இந்தப் பணம் ஐப்பசியிலும் வரும், தையிலும் வரும். ‘புருஷன் போன பிறகும் வாய்க்கு ருசி கேட்கிறது பார்’ என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற அந்தக் காலத்துப் பயம். நானும் ஒன்றும் கேட்காமல் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கடைக்கார அக்கா உப்புச் சீடைத் தட்டில் கை வைத்தவர், நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “இது ஆச்சிக்குத்தான? அவுகளுக்கு உப்புச் சீடை ஆகாதே, சீப்புச் சீடைல்ல சாப்பிடுவாக. இரு, காலைல போட்டது உள்ள இருக்கு.” உள்ளே போய், நல்லதாகப் பார்த்து எடுத்து வந்தார். அவர் முகத்தில் ஏளனம் துளிகூட இல்லை. ஆச்சி யாருக்குத் தெரியக் கூடாது என்று நினைத்தாரோ, அவர்தான் ஆச்சிக்கென்று தனியாக எடுத்து வைத்திருக்கிறார். ஆச்சியிடம் நான் இதைச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அந்த வயசில் அந்தக் கதை அவருக்கு ஒரு சௌகரியம், இருந்துவிட்டுப் போகட்டும். முப்பதிலும் நாற்பதிலும் இருக்கிறவர்கள் அப்படித் தொடங்க வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

கடைக்காரரைச் சமாளித்துவிடலாம். வரிசையில் நிற்கிற சொந்தக்காரர்தான் பெரிய பாடு. “என்னடி, இருக்கிற உடம்பு பத்தலையா?” என்று நாலு பேர் முன்னால் கேட்கிற அத்தைகள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. சிரித்து மழுப்பாதீர்கள். சிரிப்பை அனுமதி என்று எடுத்துக்கொண்டு அடுத்த தடவை இன்னும் சத்தமாகக் கேட்பார்கள். எதிர்த்துப் பேசினால் அது கல்யாண வீடு வரைக்கும் போகும். எனக்குச் சரிப்பட்டு வந்தது, அவர்கள் கையில் இருப்பதைப் பற்றிக் கேட்பது: “நீங்க என்ன வாங்குனீங்க அத்தை? மாவுருண்டையா? நெய் வாசம் நல்லா இருக்கா?” அவர்களும் பலகாரம் வாங்கத்தான் வந்திருக்கிறார்கள். அதைக் குத்தலாகக் கேட்காமல் உண்மையிலேயே தெரிந்துகொள்கிற குரலில் கேட்டால், மாவுருண்டையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். “சுகர் வந்துரும், பாத்துக்க” என்பவர்களுக்கு ஒரே வரி: “டாக்டர்ட்ட பேசிக்கிறேன் அத்தை.” அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். சர்க்கரை உள்ளவர்கள் எது, எவ்வளவு என்பதை டாக்டரிடம் உண்மையாகவே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. கையில் ஒரு அளவு இருந்தால் கடையில் மனசு தடுமாறாது.

இருந்தாலும் பார்க்கிறார்களே என்றால், பார்க்கத்தான் செய்வார்கள். சைக்காலஜி படிக்கிற என் அக்கா மகள் ஒரு ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னாள். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்துத் தாமஸ் கிலோவிச்சும் கூட்டாளிகளும் 2000-இல் வெளியிட்டது. ஒரு மாணவரை, பாரி மனிலோ என்ற பாடகர் படம் போட்ட, போடவே வெட்கப்படுகிற ஒரு டி-சர்ட்டை மாட்டவைத்து, மற்ற மாணவர்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். பாதிப் பேராவது படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள். கவனித்தது கால்வாசிப் பேர்தான். அது அமெரிக்கா, காரைக்குடியில் முக்கால்வாசிப் பேர் கவனிப்பார்கள் என்றேன் அவளிடம். சரி, கவனிக்கட்டும். கவனித்தது எத்தனை நாள் நினைவிருக்கும்? ஊரில் பாதிப் பெண்களின் இடுப்பளவை எடுத்தவள் நான். அடுத்தவர் உடம்பைப் பார்ப்பதற்கே கூலி வாங்குகிறவள். எனக்கே அளவு நினைவில் நிற்காமல்தான் நோட்டில் எழுதி வைக்கிறேன். பேரை மறைத்துக்கொண்டு நோட்டைக் காட்டினால் எந்த 38 யாருடையது என்று எனக்குத் தெரியாது. பணம் கொடுக்காத ஆளை மட்டும் மறக்க மாட்டேன், அது வேறு.

கூச்சம் ரொம்ப இருக்கிற நாளில், பேச்சைப் பொருள் பக்கம் திருப்புங்கள். எப்போது போட்டது, என்ன எண்ணெய் என்று கேளுங்கள். சாம்பிளுக்கு ஒரு தேன்குழல் கேட்டு ஒடித்துப் பாருங்கள். நல்லது மொடமொடவென்று உடையும், நமத்தது வளைந்து கொடுத்துத்தான் உடையும். மூக்குக்கிட்டே கொண்டு போனால் சிக்கு வாடை தெரிந்துவிடும். மணகோலத்தில் பொட்டுக்கடலையும் தேங்காய்ப் பல்லும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும், வெறும் குச்சியும் பாகுமாக இருந்தால் விட்டுவிடுங்கள். தட்டில் வைத்து விற்கிற இனிப்பு என்றால் தேதி எங்கே என்று கேட்க உரிமையே இருக்கிறது. 2020 அக்டோபர் 1 முதல், பெட்டியில் அடைக்காத இனிப்புகளுக்கும் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதி வைக்கச் சொல்லி உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உத்தரவு. இதையெல்லாம் கேட்கிறவரைக் கடையில் யாரும் ஏற இறங்கப் பார்ப்பதில்லை. விவரமான ஆள் என்று அவர்கள்தான் கொஞ்சம் உஷாராவார்கள்.

வாங்கியதை வீடு கொண்டுசேர்க்கிற வழிக்கு மஞ்சப்பை. 2021 டிசம்பரில் அரசே ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று இயக்கம் ஆரம்பித்துக் கொடுத்துவிட்டது. உள்ளே தேன்குழல் இருக்கிறதா, கத்தரிக்காய் இருக்கிறதா என்று ஒருத்தருக்கும் தெரியாது. வெறும் பையில் போட்டால் வீடு போவதற்குள் தூளாகிவிடும், சின்ன எவர்சில்வர் தூக்கு ஒன்றை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். நேரம் என்றால், மதியத்துக்கு முன்னால் கூட்டம் குறைவு. ஆனால் முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது தீபாவளிக்கு முந்தைய வாரம். அந்தக் கூட்டத்தில் நாம் யார், எவ்வளவு வாங்கினோம் என்று பார்க்க யாருக்கும் நேரம் கிடையாது.

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு ஒன்று. “குண்டுப் பையா, இதெல்லாம் நீ திங்கக் கூடாது” என்று யாராவது விளையாட்டாகச் சொன்னால், அந்த இடத்திலேயே, அவன் காதில் விழுகிற மாதிரி, “அவனுக்குப் பிடிச்சதை அவனே எடுப்பான்” என்று சொல்லிவிடுங்கள். வீட்டுக்குப் போய்ச் சமாதானம் சொன்னால் ஏறாது.

சிலருக்குக் கூச்சம் கடையோடு நிற்பதில்லை. யாருக்கும் தெரியாமல் ஒளித்து வைத்துத் தின்பது, நிறுத்த முடியாமல் தின்றுவிட்டு அப்புறம் அழுவது, மறுநாள் பட்டினி கிடப்பது என்று போனால், கடையில் எப்படிப் பேசுவது என்ற யோசனையெல்லாம் அதற்குப் போதாது. டாக்டரிடம் போக வேண்டும். நேரில் சொல்லத் தயக்கமாக இருந்தால் 14416-க்குப் போன் செய்யலாம். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக, வெள்ளைப் பணியாரம். இதை மட்டும் பொட்டலம் கட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓட முடியாது, அதனால்தான் கடைசியில் வைத்தேன். ஒரு ஆழாக்குப் பச்சரிசி அளந்து, அதன் தலையில் உளுந்தைக் கோபுரமாகக் குவித்து, ஊறவைத்து அரைத்த மாவு. ஒரு கரண்டி எடுத்து எண்ணெயில் விட்டால் அடியில் போய் மேலே எழும்பும், எழும்பும்போதே நடுவில் உப்பும். ஒரு திருப்பு, சிவக்கும் முன்னே எடுத்துவிடுவார்கள். ஆறினால் தொய்ந்துவிடும். ஆகவே நாலு பேர் பார்க்க, அங்கேயே நின்றுதான் சாப்பிட வேண்டும். சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்காதீர்கள், அப்படி நின்றால்தான் எல்லாரும் பார்ப்பார்கள். அடுப்பைப் பார்த்து நில்லுங்கள், அங்கே நிற்கிற எல்லாரும் பார்ப்பது அடுப்பைத்தான். இரண்டு போதுமென்றால் இரண்டு, மூன்றாவது வேண்டுமென்றால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஒவ்வொன்றாகத்தான் விட்டு எடுப்பார்கள், நேரம் ஆகும். காரச் சட்னி தனியாகக் கேட்டு வாங்குங்கள். மேலே ஊற்றிவிட்டால் பணியாரம் ஊறிவிடும்.