பாம்பன் கடலில் எழுந்த குமிழிகள்

1914-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளமுடையது என்பதால், 1:87 அளவில், அதாவது நிஜத்தில் 87-இல் ஒரு பங்காக, முழுவதையும் மாதிரியாகச் செய்ய 23 மீட்டருக்குக் குறையாத இடம் வேண்டும். ஆகவே கப்பலுக்காகத் திறக்கும் தூக்குப் பகுதியையும் இருபுறமும் சில தூண்களையும் மட்டும் ஆறடி பிளைவுட் பலகையில் அமைத்தேன். பாலம் நன்றாகவே வந்தது. என்னைச் சோதித்தது கடல்தான்.

கடல்நீருக்காக, ஊற்றியபின் கண்ணாடிபோல் இறுகும் எபாக்சி ரெசின் என்ற திரவத்தை ஒரே தடவையில் ஓர் அங்குலக் கனத்துக்கு ஊற்றிவிட்டேன். இறுகும்போது ரெசின் தானே வெப்பத்தை உண்டாக்கும். கனம் கூடினால் அந்தச் சூடு எளிதில் வெளியேறாது. சிறிது நேரத்தில் ஓரச்சட்டம் தொட முடியாதபடி சுட்டது, அடியிலிருந்த தெர்மாகோல் உருகிக் குழிந்தது, தூண்களைச் சுற்றிப் பட்டாணி அளவுக்குக் குமிழிகள் எழுந்து அப்படியே உறைந்துவிட்டன.

பெயர்த்தெடுக்கவே இரண்டு வாரமாயிற்று. மறுமுறை தெர்மாகோலைத் தவிர்த்து, பாறைகளைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் செய்து, அவை நன்கு உலர்ந்தபின், நுண்துளைகளில் தங்கும் காற்றுதான் குமிழியாக மேலெழுகிறது என்பதால், அக்ரிலிக் வார்னிஷை இரண்டு முறை பூசி அவற்றை அடைத்தேன். பிறகு மூன்று மில்லிமீட்டர் அடுக்குகளாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் இடைவெளி விட்டு ஊற்றினேன். கீழடுக்கில் கரும்பச்சையும் மேலே வரவர வெளிர்நீலமுமாகச் சாயம் கலந்ததில் கடலின் ஆழமும் கிடைத்தது. தூணின் அடியில் நான் ஒட்டிய கடுகளவுச் சிப்பிகள்கூட இப்போது தண்ணீருக்குள் தெளிவாகத் தெரிகின்றன.