டிக்கியே பெட்டியாக: காரின் பின்பலகையில் சப்வூஃபர் பொருத்தும் முறை

செடான் வகைக் கார்களில் பின் இருக்கையின் சாய்மானத்துக்கும் பின்கண்ணாடிக்கும் நடுவே உள்ள மேடையைத்தான் இங்கே பின்பலகை என்று குறிப்பிடுகிறேன். வெளியே தெரிவது துணி ஒட்டிய அட்டை மட்டுமே. அதைக் கழற்றினால் மெல்லிய இரும்புத் தகடு இருக்கும், அதற்குக் கீழே டிக்கி. இந்தத் தகட்டில், பேஸ் எனும் தாழ்ந்த ஒலிகளுக்கான ஸ்பீக்கரான சப்வூஃபரைப் பொருத்திவிட்டால் டிக்கியின் வெற்றிடம் முழுவதும் ஸ்பீக்கருக்குப் பெட்டியாகிவிடும். தனிப் பெட்டி தேவைப்படாததால் பெட்டி படுக்கைக்கான இடமும் பெரும்பாலும் மிஞ்சும். ஹேட்ச்பேக் கார்களில் அந்த இடத்தில் தூக்கி எடுக்கும் தட்டுதான் இருக்கிறது. அவற்றுக்கு இந்த முறை ஒத்துவராது.

வேலையைத் தொடங்குமுன் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்வது அவசியம். ஸ்பீக்கரின் கூம்பு மேலே காற்றைத் தள்ளும் அதே கணத்தில் கீழே காற்றை இழுக்கிறது. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 7 மீட்டர். கார் அதைவிடக் குட்டையானது. ஆகவே மேல்பக்க அலையும் கீழ்ப்பக்க அலையும் ஏதாவது ஓர் இடுக்கின் வழியே சந்தித்தால், ஒன்றுக்கொன்று எதிராக இருப்பதால் இரண்டும் ஒன்றையொன்று விழுங்கிவிடும். நான் முதன்முறை செய்தபோது ஒரே பிற்பகலில் தகட்டை வெட்டி, இரண்டு 10 அங்குல ஸ்பீக்கர்களை இறுக்கி, பெருமையோடு பாட்டைப் போட்டேன். கூம்புகள் துள்ளின; ஆனால் பழைய ஸ்பீக்கர்களில் வந்த அளவுக்குக்கூட பேஸ் வரவில்லை. பின் இருக்கையைக் கழற்றிப் பார்த்தபோதுதான், சாய்மானத்துக்குப் பின்னால் உள்ள தகட்டில் முழங்கை வரை நுழையக்கூடிய மூன்று ஓட்டைகள் டிக்கிக்குள் திறந்திருப்பது தெரிந்தது. வெட்டுவது இந்த வேலையில் கால் பங்குதான், மீதி முக்கால் பங்கும் அடைப்பது.

ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுக்கும்போது, பெட்டி இல்லாமல் திறந்த வெளியில் இயங்கத் தக்கது என்று தயாரிப்பாளரே குறிப்பிட்டிருக்கும் வகையை வாங்குங்கள். கூம்பின் ஆட்டம் எவ்வளவு அடக்கப்படுகிறது என்பதைக் காட்டும் க்யூ.டி.எஸ். என்ற மதிப்பு விவரத் தாளில் 0.6 முதல் 0.8 வரை இருந்தால் நல்லது. சிறிய மூடிய பெட்டிக்கென வடிவமைத்தவற்றில் இது 0.4 அல்லது 0.5 அளவில் இருக்கும். அவற்றைப் பின்பலகையில் போட்டால் ஒலி மெலிந்து கேட்கும். கூம்பைப் பிடித்திருக்கும் பகுதியின் இளக்கத்தைக் காற்றின் கொள்ளளவாகச் சொல்லும் வி.ஏ.எஸ். என்ற மதிப்பு, இரண்டு ஸ்பீக்கர்கள் என்றால் இரண்டின் கூட்டுத்தொகை, டிக்கியின் கொள்ளளவைவிடக் குறைவாக இருக்க வேண்டும். பின்கண்ணாடி வழியே வெயில் நேராக விழும் இடம் என்பதால், கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பு ஃபோமாக இல்லாமல் ரப்பராக இருப்பதே நீடிக்கும். படுக்க வைத்த ஸ்பீக்கரின் கூம்பு தன் எடையாலேயே தொங்கிவிடும் என்று அஞ்சுபவர்கள் உண்டு. கணக்குப் போட்டால், ஒத்ததிர்வு எண் (கூம்பு இயல்பாகவே ஆடும் அதிர்வெண்) 30 ஹெர்ட்ஸாக உள்ள ஸ்பீக்கரில் அந்தத் தொய்வு 0.28 மில்லிமீட்டர்தான். பல மில்லிமீட்டர் முன்னும் பின்னும் போய்வரும் கூம்புக்கு இது ஒரு பொருட்டல்ல.

அடுத்து, டிக்கிக்குள் மல்லாந்து படுத்து, டார்ச் அடித்துப் பின்பலகையின் அடிப்பக்கத்தை நிதானமாகப் பாருங்கள். இந்த அரை மணி நேரத்தில் சோம்பல் கூடாது. டிக்கி மூடியைத் தூக்கும் முறுக்குக் கம்பிகள் பல கார்களில் பலகைக்குச் சற்றுக் கீழே குறுக்காக ஓடும். மூடியைத் திறந்து மூடும்போது அவை எங்கே வருகின்றன என்று அளந்து, ஸ்பீக்கரின் காந்தம் அதில் இடிக்காத இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பின் சீட் பெல்ட்டின் சுருள்கள், குழந்தை இருக்கையின் மேல்பட்டையை மாட்டும் கொக்கிகள், உயரத்தில் உள்ள பிரேக் விளக்கின் வயர், கண்ணாடியின் பனி நீக்கும் கம்பிக்குப் போகும் வயர் ஆகியவையும் இங்கேதான் இருக்கும். இவற்றில் எதையும் இடம் மாற்றக் கூடாது. மஞ்சள் நிற இணைப்பான் கண்ணில் பட்டால் அது ஏர்பேக்கைச் சேர்ந்தது. அதன் பக்கமே போக வேண்டாம். தகட்டில் மேடு பள்ளமாக அழுத்தப்பட்டிருக்கும் வரிகளும், அடியில் பற்றவைத்த குறுக்குச் சட்டங்களும் காரின் இரு பக்கங்களையும் இழுத்துப் பிடித்திருப்பவை. 10 அங்குல ஸ்பீக்கருக்காகச் சட்டத்தை வெட்ட நேருமென்றால் 8 அங்குலத்துக்கு இறங்கிவிடுங்கள். இதில் சமரசத்துக்கு இடமில்லை.

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, சில நிமிடங்கள் கழிந்த பிறகு வேலையைத் தொடங்குங்கள். பின் இருக்கை, தூண்களின் பிளாஸ்டிக் மூடிகள், பலகையின் அட்டை என்ற வரிசையில் கழற்றினால் கிளிப்புகள் உடையாது. வெட்டும் அளவு ஸ்பீக்கரின் வெளிவிட்டம் அல்ல; விவரத் தாளில் தனியாகக் கொடுத்திருக்கும் வெட்டு விட்டம்தான். அதைக் கெட்டி அட்டையில் வரைந்து வெட்டி, தகட்டின் மேல் வைத்து, மேலிருந்தும் கீழிருந்தும் ஒருமுறைக்கு இருமுறை சரிபாருங்கள். நுழைவுத் துளை ஒன்று போட்டு, உலோகம் வெட்டும் பிளேடு பூட்டிய ஜிக்சாவால் கோட்டின் உள்பக்கமாக வெட்டலாம். பின்கண்ணாடியைத் தடித்த போர்வையால் மூடுவதும் கண்ணுக்குக் கண்ணாடி அணிவதும் கட்டாயம், ஏனெனில் சூடான இரும்புத் துகள் கண்ணாடியில் பட்டால் சிறு புள்ளிகளாகப் பதிந்துவிடும். வெட்டிய விளிம்பை அரத்தால் மழுக்கி, உடனே துத்தநாகப் பிரைமர் அடித்துவிடுங்கள்; அடிக்காமல் விட்டால் துரு விளிம்பிலிருந்துதான் தொடங்கும்.

தகட்டின் மேலேயே ஸ்பீக்கரை நேரடியாக இறுக்குவது பலர் செய்யும் பிழை. முக்கால் மில்லிமீட்டர் அளவே கனமுள்ள தகடு கூம்போடு சேர்ந்து தானும் ஆடும். ஆடும் தகடு சக்தியைத் தின்னும், முனகவும் செய்யும். 18 மில்லிமீட்டர் ப்ளைவுட் அல்லது எம்.டி.எஃப். பலகையைப் பின்பலகை முழுவதும் பரவும்படி ஒரே துண்டாக வெட்டுங்கள். எம்.டி.எஃப். ஈரம் பட்டால் ஊதிவிடும் என்பதால் வார்னிஷ் அடித்தே போட வேண்டும். என் தேர்வு ப்ளைவுட். தகட்டின் மேல் பியூட்டைல் ரப்பரால் ஆன அதிர்வடக்கும் ஷீட்டை உருளையால் அழுத்தி ஒட்டி, அதன் மேல் பலகையை வைத்து, ஊடே துளைத்து, அடியில் அகலமான வாஷரும் லாக் நட்டும் போட்டு இறுக்குங்கள். தார் கலந்த மலிவு ஷீட் வெயிலில் இளகி ஒழுகும். மரத்திருகுகளை நம்ப வேண்டாம். மோதல் நேர்ந்தால் பல கிலோ எடையுள்ள ஸ்பீக்கர் முன்னால் இருப்பவர்களின் தலையை நோக்கித்தான் பாயும்.

இனி அடைப்பு. தகட்டில் இருக்கும் பழைய ஸ்பீக்கர் துளைகள், வயர் போகும் ஓட்டைகள், சாய்மானத்துக்குப் பின்னாலுள்ள பெரிய திறப்புகள் எல்லாவற்றையும் மூட வேண்டும். சிறியவற்றுக்கு பியூட்டைல் ஷீட் போதும். பெரியவற்றுக்கு 6 மில்லிமீட்டர் ப்ளைவுட்டை வெட்டி, ஓரத்தில் காற்று ஊடுருவாத மூடிய துளை ஃபோம் பட்டை ஒட்டித் திருகிவிடலாம். இருள் கவிந்த பிறகு பிரகாசமான விளக்கு ஒன்றை டிக்கிக்குள் வைத்து மூடி, காருக்குள் உட்கார்ந்து பாருங்கள். என் காரில் சீட் பெல்ட் வெளியே வரும் இடுக்கிலும், சக்கர வளைவுக்கு மேலே நான் நினைத்தே பார்க்காத ஒரு மூலையிலும் ஊசிபோல் வெளிச்சம் வந்தது. வெளிச்சம் வரும் இடமெல்லாம் பேஸ் கசியும் இடம்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. பல செடான்களில் காருக்குள் வரும் காற்று பின்பலகை வழியே டிக்கிக்குள் போய், பின் பம்பருக்குள் ஒளிந்திருக்கும் மடிப்பு வால்வுகள் மூலம் வெளியேறுகிறது. எல்லா வழியையும் அடைத்துவிட்டால் கதவு மூட மறுக்கும், மழையில் கண்ணாடிகள் மங்கும். ஆகவே ஏதேனும் ஓர் ஓரத்தில், உள்ளே ஃபோம் ஒட்டிய, இரண்டு மூன்று இடத்தில் மடிந்து செல்லும் குறுகலான காற்று வழி ஒன்றை விட்டுவையுங்கள். கொஞ்சம் பேஸ் குறைந்தாலும் பரவாயில்லை.

வயரிங்கில் புதிதாக ஒன்றும் இல்லை, ஆனால் ஃபியூஸ் விஷயத்தில் அலட்சியம் உயிரோடு விளையாடுவது. பேட்டரியிலிருந்து டிக்கி வரை போகும் பவர் வயரில், பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். அது காப்பது ஆம்ப்ளிஃபையரை அல்ல, வயரை: என்ஜின் அறைச் சுவரின் துளையில் உறை உராய்ந்து பாடியைத் தொட்டால், ஃபியூஸ் இல்லாத வயர் தீப்பிடிக்கும். அந்தத் துளையில் ரப்பர் வளையம் போடாமல் வயரை நுழைக்காதீர்கள். 300 வாட் ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரக்கூடிய சக்தி) தரும் கிளாஸ் டி ஆம்ப்ளிஃபையர் 80 விழுக்காடு திறனில் இயங்கினால் 13.8 வோல்ட்டில் சுமார் 27 ஆம்பியர் இழுக்கும். 40 ஆம்பியர் ஃபியூஸும் 8 கேஜ் அல்லது அதைவிடத் தடித்த செம்பு வயரும் பொருந்தும். எர்த் வயரைக் குட்டையாக வைத்து, பெயின்ட் சுரண்டிய பாடியில் இறுக்குங்கள். ஒலி சிக்னலைக் கொண்டுவரும் ஆர்.சி.ஏ. கேபிளைப் பவர் வயருக்கு எதிர்ப்பக்கமாகக் கொண்டு சென்றால் என்ஜின் இரைச்சல் பாட்டில் கலக்கும் வாய்ப்பு குறையும். இரண்டு 4 ஓம் ஸ்பீக்கர்களைப் பக்க இணைப்பில் சேர்த்தால் 2 ஓம் ஆகும். ஆம்ப்ளிஃபையர் அதைத் தாங்குமா என்று முன்கூட்டியே பாருங்கள். ஒவ்வொரு ஸ்பீக்கரின் முனைகளிலும் 1.5 வோல்ட் பேட்டரியைத் தொட்டுப் பார்த்து, இரண்டு கூம்புகளும் ஒரே திசையில் எழுகின்றனவா என்று சோதிப்பது இரண்டே நிமிட வேலை.

ஒலியைச் சீரமைக்கும்போது, உயர்ந்த ஒலிகளைத் தடுக்கும் லோ பாஸ் வடிகட்டியை 80 ஹெர்ட்ஸில் தொடங்குங்கள். பெட்டிக்குள் அடைபட்ட காற்று ஒரு ஸ்பிரிங்போல் கூம்பைப் பிடித்து வைக்கும். டிக்கி பெரியது என்பதால் இங்கே அந்தப் பிடி மிகக் குறைவு. மிகத் தாழ்ந்த அதிர்வுகளைத் தடுக்கும் சப்சானிக் வடிகட்டியை 25 ஹெர்ட்ஸ் அளவில் வைக்காவிட்டால், காதுக்குக் கேட்காத ஆழ்ந்த அதிர்வுகளே கூம்பை எல்லை கடந்து தள்ளிச் சேதப்படுத்தும். ஆம்ப்ளிஃபையரில் சிக்னலின் அளவைக் கூட்டிக் குறைக்கும் கெயினை வைக்க, 50 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் வயரைக் கழற்றிய நிலையில் ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டு வோல்ட்டை மல்டிமீட்டரால் அளக்கலாம்: 2 ஓமில் 300 வாட் வேண்டுமென்றால் வாட்டையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள், 24.5 வோல்ட் வரும். அதற்கு மேல் திருக வேண்டாம். பிறகு பழகிய பாட்டு ஒன்றைப் போட்டு, ஒலி அலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் சுவிட்சை இரு நிலைகளிலும் மாற்றிப் பார்த்து, ஓட்டுநர் இருக்கையில் பேஸ் கூடுதலாகக் கேட்கும் நிலையில் விட்டுவிடுங்கள்.

அட்டையை மீண்டும் மாட்டியதும் புதிய சத்தங்கள் கிளம்பும். நம்பர் பிளேட், உயர பிரேக் விளக்கின் மூடி, சீட் பெல்ட் கொக்கி ஆகியவையே முதல் சந்தேகத்துக்குரியவை. 30 முதல் 80 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் ஒலியை ஓடவிட்டு, கிடுகிடுக்கும் இடத்தைக் கையால் அழுத்திக் கண்டுபிடித்து, ஃபெல்ட் பட்டை ஒட்டுங்கள். இரண்டு வாரம் ஓட்டிய பிறகு டிக்கிக்குள் மறுபடி மல்லாந்து படுத்து, எல்லா நட்டுகளையும் ஒரு சுற்று இறுக்கிவிடுங்கள்.