பழைய ஆற்று வெள்ளங்களுக்குத் தேதி குறிப்பது எப்படி

வண்டலில் கிடைத்த கரித்துண்டுக்கு ஆய்வகம் ஒரு வயது சொன்னால், அது அந்த மரத்தின் வயது. வெள்ளத்தின் வயது அல்ல. வெள்ளம் வந்த காலத்தை அதற்குக் கீழே ஒரு தேதி, மேலே ஒரு தேதி என இரண்டுக்கும் நடுவில் வைத்துத்தான் பிடிக்க முடியும். மாதிரி எடுக்கப் போகும்போதே இது நினைவில் இருக்க வேண்டும். களத்தில் விட்டதை எந்தப் புள்ளியியலும் மீட்டுத் தராது.

ஆற்றின் நடுப்படுகை உதவாது. ஒரு வெள்ளம் போட்டதை அடுத்தது அரித்துவிடும். வெள்ளநீர் வேகம் இழந்து தேங்கும் இடங்களைத் தேடுங்கள்: துணையாறு வந்து சேரும் வாயின் உட்புறம், பாறைப் பள்ளத்தாக்கின் குகைகள், ஆறு கைவிட்ட வளைவில் நிற்கும் குதிரைக் குளம்பு ஏரி. ஏரியில் குழாய் இறக்கி எடுத்த மண் உருளையில், நுண்ணிய களிக்கு நடுவே மணல் பட்டை தெரியும். அடிவிளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் இருந்து, மேலே போகப்போக மணல் பொடியானால் பெரும்பாலும் அது வெள்ளப் படிவு. கரை சரிந்தாலும் இப்படி ஒரு பட்டை உண்டாகலாம். அதனால் குறைந்தது மூன்று உருளைகளிலாவது அதே பட்டை வருகிறதா என்று பாருங்கள்.

உயிர் எச்சத்தில் மிஞ்சிய கதிரியக்கக் கரிமத்தை அளந்து வயது சொல்லும் ரேடியோகார்பன் முறைக்கு விதை, இலை, மெல்லிய சுள்ளி நல்லவை. பெரிய மரத்தின் உள்வளையம் வெட்டும்போதே நூறு வயது கடந்திருக்கலாம். கரியோ பழைய படிவிலிருந்து அடித்து வரப்பட்டதாக இருக்கலாம். மணல் பட்டைக்குள் கிடைப்பது நீர் கொண்டுவந்தது, ஆகவே வெள்ளத்தைவிட மூத்ததாகவே இருக்கக்கூடும். பட்டைக்கு ஒட்டிக் கீழேயும் மேலேயும் உள்ள அமைதியான களியிலிருந்து, 1 செ.மீ. தடிமனுக்கு மிகாமல் வெட்டி எடுங்கள். இறங்கி வந்த வேர்களைப் பொறுக்கி எறியுங்கள். அவை தேதியை இளமையாக்கும்.

தாவர எச்சமே இல்லாவிட்டால் ஒளிர்வு முறை: குவார்ட்ஸ் மணிகள் கடைசியாக வெயில் கண்ட காலத்தை அது அளக்கிறது. எஃகுக் குழாயைப் படிவின் வெட்டுச் சுவரில் அடித்து, இருமுனையும் ஒளி புகாமல் மூடுங்கள். முனைகளில் உள்ள சில செ.மீ. மண்ணைத் தேதிக்குப் பயன்படுத்த வேண்டாம். கலங்கிய நீரில் எல்லா மணிக்கும் வெயில் படுவதில்லை, அதனால் வயது கூடிக் காட்டும். மணி மணியாக அளந்து, இளைய மணிகளைக் கொண்டு கணக்கிடும் குறைந்தபட்ச வயது மாடலே இங்கு ஏற்றது. ஈரப்பதத்தையும் அளந்து வையுங்கள்: 1% பிசகினால் வயதும் ஏறக்குறைய 1% பிசகும்.

இனி கணக்கு. ஆய்வகம் தரும் ரேடியோகார்பன் வயது நாட்காட்டி ஆண்டோடு நேராகப் பொருந்தாது. அதை வட அரைக்கோளத்துக்கு இன்ட்கால்20, தென் அரைக்கோளத்துக்கு எஸ்எச்கால்20 என்ற அளவுத்திருத்த வளைவில் வைத்து நாட்காட்டி ஆண்டாக்க வேண்டும். கி.மு. 800 முதல் 400 வரை வளைவு தட்டையாகக் கிடக்கிறது. அக்காலத்து மாதிரி ஒன்றைத் தனியே வைத்தால் சில நூற்றாண்டு அகலமான விடைதான் வரும். அங்கேதான், முன்பே தெரிந்ததை அளவீட்டோடு சேர்த்து நிகழ்தகவு கணக்கிடும் பேய்சியன் முறை கைகொடுக்கிறது. கீழுள்ளது மூத்தது, மேலுள்ளது இளையது என்ற வரிசையை ஆக்ஸ்கால் மென்பொருளில் கொடுத்தால், வரிசைக்கு முரணான ஆண்டுகள் கழிந்து வீச்சு சுருங்கும். வரிசையின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் எல்லை குறியுங்கள். வெள்ளத்தை இரு தேதிகளுக்கு இடையே தேதியில்லா நிகழ்வாகச் சேருங்கள். அதற்கும் ஒரு நிகழ்தகவு வீச்சு கிடைக்கும். ஒரு தேதி வரிசையோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் ஒத்திசைவு எண் 60க்குக் கீழே போனால், எண் ஏறட்டும் என்று தேதியை நீக்காதீர்கள். மாதிரியில் என்ன கோளாறு என்று முதலில் பாருங்கள். கரி என்றால், அது வெள்ளத்தைவிட மூத்ததாக இருக்கலாம் என்பதைக் கணக்கில் கொள்ளும் விலகல் மாடலைப் பயன்படுத்துங்கள்.

ஆழத்தை வயதாக்கும் மாடல் போடும்போது பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 20 செ.மீ. மணல் சில மணி நேரத்தில் படிந்திருக்கலாம். அதே தடிமன் களி சேர நூற்றாண்டுகள் ஆகலாம். வெள்ளப் பட்டைகளின் தடிமனை ஆழத்திலிருந்து கழித்த பிறகே மாடலை ஓட்டுங்கள். மேல்பகுதியைச் சரிபார்க்க, அணுகுண்டுச் சோதனைகளால் பரவி, வட அரைக்கோளத்தில் 1963ஐ ஒட்டி உச்சம் காட்டும் சீசியம்-137 உதவும். இயற்கையில் உள்ள கதிரியக்க ஈயம்-210இன் அரை ஆயுள் (பாதி சிதைய ஆகும் காலம்) சுமார் 22 ஆண்டு என்பதால் அது ஒரு நூற்றாண்டுக்குச் சற்று மேல்வரை எட்டும்.

பல இடத்துத் தேதிகளின் நிகழ்தகவைக் கூட்டி, மேடு தெரிந்த இடமெல்லாம் வெள்ளம் மிகுந்த காலம் என்று முடிவுகட்டுவது ஆபத்து. வளைவு செங்குத்தாக இறங்கும் இடத்திலும் மேடு முளைக்கும். பழைய படிவு அரித்துப் போவதால் பழங்காலத்தில் வெள்ளம் குறைவு என்றும் தோன்றும். வெள்ளப் படிவு சேர்ந்து உருவான திட்டு உயர உயர, அதைத் தாண்டும் அளவு பெரிய வெள்ளமே பதிவாகும் என்பதால், ஒவ்வொரு பட்டையோடும் அன்றைய திட்டின் உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

முடிவை ஒற்றை ஆண்டாக எழுதாமல், உண்மை ஆண்டு உள்ளே இருக்க 95.4% நிகழ்தகவு உள்ள வீச்சாக எழுதுங்கள். மாதிரிக்கு ஆய்வகம் இட்ட எண்ணையும், நாட்காட்டி ஆண்டாக மாற்றாத ரேடியோகார்பன் வயதையும் கூடவே தாருங்கள். புதிய வளைவு வரும்போது அவற்றை வைத்துத்தான் எவரும் மீண்டும் கணக்கிட முடியும்.